மௌனம் அறியாமை அல்ல! – ஒரு கொரிய வகுப்பறை சொல்லும் பாடம்

(இயந்திரவியல் துறை, மூன்றாமாண்டு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது" என்று தப்பிக்கத்தான் பார்த்தேன். "உனக்கு என்ன தெரியுமோ அதை எழுதுடா" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது. ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐந்தாம் செமஸ்டரில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் தேறியாகிவிட்டது. உள்ளே மூன்று பேர். முதல் கேள்வியே லேத்தில் பயன்படும் சக் வகைகளைப் பற்றி. கேட்டது ஆங்கிலத்தில். த்ரீ ஜா சக், ஃபோர் ஜா சக் இரண்டையும் இந்தக் கையால் மாட்டிக் கழற்றியவன் நான். ஆனால் 'தேர் இஸ்' என்று ஆரம்பிப்பதா, 'தேர் ஆர்' என்று ஆரம்பிப்பதா என்று மனசுக்குள் முடிவு செய்வதற்குள், அவர் அடுத்த பையனின் காகிதத்தைப் புரட்டிவிட்டார்.

மறுநாள் நம் ஆங்கில மேடத்திடம் போய், "மேடம், எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வராதுன்னு யாருப்பா சொன்னது? தெரியறது வேற, வாயில வர்றது வேற. உன்னை மாதிரி முப்பத்திரண்டு பேரை நான் கொரியாவுல பார்த்திருக்கேன். அதுல ஒருத்தருக்கு நானே பெரிய தப்பும் பண்ணியிருக்கேன். உட்கார், சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு பல நாள் கேட்டுக் குறித்துக்கொண்டதையும்தான் இங்கே கட்டுரையாகத் தருகிறேன்.

மேடம் கொரியா போன கதை

மேடத்தின் கணவர் தென் கொரியாவில் ஆராய்ச்சிப் பணியில் இருந்தார். குடும்பம் தங்கியது சாங்வொன் என்ற நகரத்தில். நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், 1970களில் இயந்திரத் தொழிலுக்காகவே திட்டம் போட்டுக் கட்டிய நகரம் அது. 2010ஆம் ஆண்டு பக்கத்திலிருந்த மாசான், ஜின்ஹே ஆகிய நகரங்களும் அதோடு இணைக்கப்பட்டன. தெருவில் நடந்தால் பாதிப் பேர் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சீருடையில்தான் இருப்பார்களாம்.

அங்கே ஓர் இரண்டாண்டுத் தொழிற்கல்லூரியில், 2012 செப்டம்பரில், மேடம் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தார். நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு, இயந்திரவியல் துறை. பாடம், ஆங்கில உரையாடல். வாரம் இரண்டு மணி நேரம்.

"பத்து வருஷம் இங்கே சொல்லிக்கொடுத்த அனுபவம் இருக்கு, அந்தப் பசங்களைப் பேச வைக்க ஒரு மாசம் போதும்னு நினைச்சேன். எனக்கு அவ்வளவு தைரியம்!" என்று சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார்.

பத்து வருட ஆங்கிலம் எங்கே போயிற்று?

கொரியாவில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பாடம் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் கல்லூரிக்கு வரும் மாணவர் பத்து வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு வருகிறார். இது போதாதென்று ஹக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் மையங்கள் தெருவுக்குத் தெரு. அவை இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று சோல் நகரில் விதி போடுகிற அளவுக்கு நிலைமை இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இத்தனையும் எதற்கு? சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு. 1993 முதல் நடக்கும் இந்தத் தேர்வு ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வரும். அன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். நேரமாகிவிட்ட மாணவர்களைப் போலீஸ் வண்டியே ஏற்றிக்கொண்டு போகும். ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் அரை மணி நேரத்துக்கு மேல், நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். ஒலிநாடாவில் வரும் ஒரு சொல்கூட மாணவனின் காதுக்குத் தப்பிவிடக் கூடாதாம்!

இன்றைய முறைப்படி அந்த ஆங்கிலத் தாளில் 70 நிமிடத்தில் 45 கேள்விகள். 17 கேள்விகள் காதால் கேட்டு எழுத வேண்டியவை. மீதி 28 படித்து எழுத வேண்டியவை. பேச வேண்டியது? ஒன்றுகூடக் கிடையாது.

கல்லூரிக்கு வந்த பிறகு வேலைக்காக டோயிக் என்ற தேர்வு. அதிலும் முக்கியத் தாளில் கேட்டல் 100 கேள்வி, படித்தல் 100 கேள்வி, மொத்தம் 990 மதிப்பெண். பேசும் திறனுக்கு 2006ல் தனித் தேர்வு வந்தது உண்மை. ஆனால் பள்ளிக் காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு படித்த பழக்கம் ஒரே தேர்வில் போய்விடுமா?

நம் ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். லேத்தின் பாகங்களைப் படம் வரைந்து பெயர் எழுதி, தியரியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய ஒருவனை, ஒருநாள்கூட மெஷினைத் தொட விடாமல் வைத்திருந்தால், அவனால் ஒரு ஜாப் முடிக்க முடியுமா? அந்த மாணவர்களின் ஆங்கிலம் அப்படித்தான் இருந்தது. தியரி ஏராளம், பிராக்டிகல் பூஜ்யம்.

முதல் நாள் மேடம் உள்ளே நுழைந்து, "ஹவ் ஆர் யூ?" என்றார். முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில், "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?" என்றார்கள். பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது.

மூன்றாவது வாரம் நடந்தது

இரண்டு வாரம் மேடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராது. எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் மேடமே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். மூன்றாவது வாரம் பொறுமை போயிற்று. கடைசி வரிசையில், மற்றவர்களைவிட வயதில் மூத்தவராகத் தெரிந்த ஒரு மாணவரை எழுப்பி, "சென்ற வாரக் கடைசியில் என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். பேசவில்லை.

மேடம் இன்னும் சத்தமாகக் கேட்டார். பதில் இல்லை. "தெரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்லுங்கள்" என்றார். அதற்கும் பதில் இல்லை. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. மேடம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வகுப்பில் பங்கேற்பதற்கான கட்டத்தில், எல்லோர் கண்ணெதிரேயும் ஒரு பூஜ்யம் போட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"சரியாத்தான் பண்ணியிருக்கேன், படிக்காத பையன், பயந்துட்டான்னு நினைச்சேன்" என்றார் மேடம்.

அந்த நோட்டுப் புத்தகம்

ஒருநாள் மாலை அந்த மாணவர் மேடத்தின் அறைக்கு வந்தார். இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். பெரியவர்களுக்கு எதையும் இரு கையால் கொடுப்பது அங்கே மரியாதை. கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

மேடம் பிரித்துப் பார்த்தார். முதல் வாரத்திலிருந்து வகுப்பில் அவர் கேட்ட அத்தனை கேள்விகளும் தேதி வாரியாக எழுதியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில், ஆங்கிலத்தில். அடித்துத் திருத்திய பதில்கள். அகராதி பார்த்து ஓரத்தில் பொருள் எழுதிய சொற்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கும் பதில் இருந்தது. அதன் சாரம் இது: "சென்ற வாரக் கடைசியில் தாத்தாவின் சமாதிக்குப் போனேன். சூசோக் பண்டிகை வருகிறது. அதற்கு முன் சமாதியில் வளர்ந்த புல்லை வெட்ட வேண்டும். அது எங்கள் வழக்கம். புல் வெட்டும் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு முதுகு வலி. நான் ரிப்பேர் செய்தேன்."

ஆங்கிலத்தில் அவர் எழுதிய கடைசி வாக்கியத்தில் 'இட்' என்ற சொல் மட்டும் விடுபட்டிருந்தது. அவ்வளவுதான் தப்பு.

"பதில் தெரியாம நிக்கல தம்பி. இதையெல்லாம் நின்ன நிலையில இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னிருக்கான். நான் கொடுத்தது அஞ்சு செகண்டு. அப்புறம் பூஜ்யம்" என்று சொல்லி மேடம் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நானும் என் நேர்முகத் தேர்வை நினைத்துக்கொண்டேன்.

வாய் ஏன் திறக்கவில்லை?

அதன் பிறகு மேடம் சக ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விசாரித்தார். மூன்று காரணங்கள் புலப்பட்டன.

முதலாவது, வயது. கொரியாவில் ஆண்கள் கட்டாயம் ராணுவ சேவை செய்ய வேண்டும். தரைப்படையில் அப்போது ஏறத்தாழ 21 மாதம், இப்போது 18 மாதம். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ராணுவம் போய்த் திரும்பி வருபவர்கள், தங்களைவிட மூன்று நான்கு வயது இளையவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். மூத்தவர் சொன்பே, இளையவர் ஹுபே. சொன்பே பேசாதபோது ஹுபே முந்திக்கொண்டு பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். ஹுபேக்களின் முன்னால் சொன்பே தப்பாகப் பேசினாலோ பெரிய அவமானம். ஆக, இருவருமே பேசுவதில்லை! அந்தக் கடைசி வரிசை மாணவர் ராணுவம் போய் வந்தவர்தான்.

இரண்டாவது, நுன்ச்சி. மற்றவர் முகத்தைப் பார்த்தே இடம் பொருள் அறிந்து நடந்துகொள்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இது. முப்பது பேர் மௌனமாக இருக்கும்போது ஒருவர் மட்டும் கை தூக்கினால், அது நுன்ச்சி இல்லாத செயல். நம்ம ஊரில் 'முந்திரிக்கொட்டை' என்போமே, அது போல. ஆகவே அங்கே வகுப்பில் அமைதியாக இருப்பது மரியாதையும்கூட. எல்லா மௌனத்தையும் பயம் என்று நினைப்பதும் தவறு.

மூன்றாவது, மொழியின் அமைப்பு. இது நமக்கும் அப்படியே பொருந்தும். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை அவர்கள் 'நானுன் ஹக்கியோ-எ காயோ' என்பார்கள். நான், பள்ளிக்கு, போகிறேன் என்று நம் வரிசையேதான். வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ஏ', 'தி' போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றுமே அழைக்கிறார்கள்! ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905லேயே ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஆனால் வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை கண்கூடு.

இதனால் என்ன ஆகிறது? ஆங்கிலம் பேச வேண்டுமானால் அவர்களும் நம்மைப் போலவே வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கிறது. உச்சரிப்புத் தொல்லை வேறு. 'எஃப்' ஒலி அவர்கள் மொழியில் இல்லை. காபி அங்கே 'கோப்பி'. 'எல்', 'ஆர்' இரண்டுக்கும் ஒரே எழுத்து. நாம் 'இஸ்கூல்' என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்ப்பது போல, அவர்கள் 'சுக்கூல்' என்று நடுவில் ஓர் உயிரைச் சேர்ப்பார்கள். வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம் வராமல் என்ன செய்யும்?

முதலில் ஆசிரியர் தப்பு செய்ய வேண்டும்

சூசோக் விடுமுறை முடிந்து முதல் வகுப்பு. சூசோக் என்பது அறுவடைக் காலப் பௌர்ணமியில் வரும் பண்டிகை. மேடம் அந்த மாணவரை முன்பே பார்த்து, "வகுப்புக்கு வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்தினேனோ, அத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்கணும் இல்லையா?" மேடம் தனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில், "நான் அவசரப்பட்டேன். மன்னியுங்கள்" என்றார். பூஜ்யத்தையும் எல்லோர் எதிரிலும் அடித்தார்.

இறுக்கம் குறையட்டும் என்று மேலும் ஒரு வாக்கியம் கொரிய மொழியிலேயே சொல்லப் பார்த்தார்: 'பண்டிகையன்று பெரிய நிலா வந்தது.' வகுப்பு ஒரு நொடி திகைத்துப் பிறகு 'கொல்'லென்று சிரித்தது. நிலாவுக்கும் மகளுக்கும் கொரிய மொழியில் முதல் ஒலியில் மட்டும் ஒரு நூலிழை வித்தியாசம். நம் தமிழ் நாக்கில் அது பிடிபடவில்லை. மேடம் சொன்னது, 'பண்டிகையன்று மூத்த மகள் வந்தாள்' என்று ஆகிவிட்டது!

முன்வரிசை மாணவர்கள் சரியான ஒலியைச் சொல்லிக்கொடுத்தார்கள். மேடம் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார், பத்துத் தடவையும் தப்பு. அன்று வகுப்பு முடியும் வரை யாருக்கும் பயம் இல்லை. "தப்பா பேசினா தலை போயிடாதுன்னு நான் நூறு தடவை சொன்னப்போ நம்பல. நானே தப்பா பேசிக் காட்டினப்போ நம்பினாங்க" என்றார் மேடம்.

மேடம் கையாண்ட முறைகள்

அன்று முதல் வகுப்பு நடத்தும் விதத்தை அவர் மாற்றினார். நாம் நம் அறையிலேயே செய்து பார்க்கக்கூடியவை என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

1. காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து ஓர் உண்மையைக் கண்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன. மேடம் கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணுவார். "முதல்ல அந்தப் பத்து செகண்டு எனக்குப் பத்து நிமிஷம் மாதிரி இருந்துச்சு" என்றார்.

2. எழுது, இருவராகப் பேசு, பிறகு எல்லோருக்கும் சொல். ஃபிராங்க் லைமன் என்பவர் 1981ல் வகுத்த 'யோசி, இணை, பகிர்' என்ற முறையில், யோசிப்பதற்குப் பதிலாக எழுதுவதை வைத்தார் மேடம். நோட்டுப் புத்தகம் கற்றுத்தந்த பாடம் அது! இரண்டு நிமிடம் எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பிறகு, 'உங்கள் நண்பர் என்ன சொன்னார்?' என்றுதான் மேடம் கேட்பார். நண்பர் சொன்னதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தப்பாக இருந்தாலும் அது இருவருடைய தப்பு.

3. தகவல் இடைவெளி. நமக்கு மிகவும் பொருத்தமான முறை இது. ஒரு ஸ்டெப் ஷாஃப்ட்டின் படத்தை இரண்டு தாளில் வரைவார். முதல் தாளில் பாதி அளவுகள் இருக்கும், இரண்டாவது தாளில் மீதி. இருவரும் முதுகோடு முதுகு சேர்ந்து உட்கார வேண்டும். காட்டக் கூடாது, கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். 'வாட் இஸ் த டயாமீட்டர்?' 'ஃபார்ட்டி.' 'ஃபோர்ட்டீனா, ஃபார்ட்டியா?' இப்படிக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. கடைசியில் படம் சரியா தப்பா என்பதை அளவே சொல்லிவிடும். இலக்கணத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

4. நான்கு, மூன்று, இரண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கிய பயிற்சி. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும். அடுத்து வேறொருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். பிறகு மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். கேட்பவர் மாறுவதால் அலுப்பு இல்லை. திரும்பத் திரும்பச் சொல்வதால் தயக்கம் குறைந்து வேகம் தானாக வருகிறது. ஒரே ஜாப்பை மூன்றாவது தடவை செய்யும்போது கை தானாக ஓடுவதில்லையா, அது போல.

5. பிழை திருத்தம். பேசும்போது குறுக்கே புகுந்து திருத்துவதை அறவே விட்டார். காதில் விழுந்த பிழைகளில் ஐந்தை மட்டும் குறித்துக்கொண்டு, வகுப்பு முடியும்போது கரும்பலகையில் எழுதுவார். யார் சொன்னது என்று சொல்ல மாட்டார். எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள்.

6. இணை சேர்த்தல். ஆரம்பத்தில் சொன்பேயைச் சொன்பேயோடும், ஹுபேயை ஹுபேயோடும் உட்கார வைத்தார். பயம் தெளிந்த பிறகுதான் கலந்தார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் 'யூ' ஒன்றுதான் என்பதை அப்போது சொன்னார். கொரிய மொழியில் வயதுக்குத் தக்கபடி வினைமுற்றே மாறும். 'இந்த இரண்டு மணி நேரம் மட்டும் எல்லோரும் ஒரே வயது' என்றதும் இளையவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

டிசம்பரில்

செமஸ்டர் முடியும் டிசம்பர் மாதம், எல்லோரும் இரண்டு நிமிடம் பேச வேண்டிய தேர்வு. அந்த மாணவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, நின்றுபோன புல் வெட்டும் மெஷினை எப்படி ஓட்டுவது என்பது. நான்கு, மூன்று, இரண்டு என்று மூன்று பேரிடம் ஏற்கனவே பேசிப் பழகியிருந்தார். மேடம் அவர் பேசியதை அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினார்: "ஸ்பார்க் பிளக் டர்ட்டி, சோ நோ ஸ்பார்க். ஐ கிளீன். தென் செக் ஃபியூயல். தென் ஸ்டார்ட்."

இலக்கணப்படி பார்த்தால் வாக்கியத்துக்கு ஒரு குறை. ஆனால் கேட்ட ஒருவன் அந்த மெஷினை ஓட்டிவிடலாம்! பேசி முடித்ததும் ஒரு ஹுபே ஆங்கிலத்திலேயே ஒரு சந்தேகம் கேட்டான். அவர் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில், மேடம் சொல்லாமலே நடந்தது.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாணவர்கள் கடைசி வரை இணையாளிடம் முணுமுணுத்ததோடு சரி. மேடம் அவர்களை எழுப்பி நிறுத்தவில்லை. "அந்த ஒரு நோட்டு என் கைக்கு வந்துச்சு. கொடுக்காத நோட்டு எத்தனை இருந்திருக்கும்? இங்கே பத்து வருஷத்துல எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டிருப்பேன்? அதுதான் தம்பி ராத்திரியில நினைப்பு வருது" என்றார்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

நண்பர்களே! நம்மில் பலர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் ஆங்கிலத்தில் கேட்டால் நாமும் மேசையைத்தான் பார்க்கிறோம். எழுந்து இரண்டு வார்த்தை பேசுகிறவனைப் பார்த்து, "பெரிய தொரை, இங்கிலீஷ் பேசறாரு" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பதும் நாம்தான். உண்மையைச் சொன்னால், நானும் அப்படிக் குரல் கொடுத்தவன். ஆசிரியர் போடும் பூஜ்யத்தைவிட நண்பர்கள் போடும் இந்தப் பூஜ்யம் பொல்லாதது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் கொரியக் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் கொரிய எஞ்சினியர்களோடு வேலை செய்யும் வாய்ப்பு இங்கேயே இருக்கிறது. அங்கே இரு தரப்புக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். எதிரே நிற்பவரும் ஒரு காலத்தில் 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?' என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தவராக இருக்கலாம். அவருக்கு வேண்டியது நம் இலக்கணம் அல்ல. ஷாஃப்ட்டின் அளவு நாற்பதா, பதினான்கா என்பதுதான்.

இந்த செமஸ்டரில் நாங்கள் ஆறு பேர், ஹாஸ்டல் மாடியில், வாரம் மூன்று நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு, மூன்று, இரண்டு பயிற்சி செய்கிறோம். விதி ஒன்றே ஒன்றுதான்: யார் தப்பாகப் பேசினாலும் சிரிக்கக் கூடாது. முதல் நாள் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, லேத்தில் பயன்படும் சக் வகைகள். 'தேர் இஸ் டூ சக்ஸ்' என்றுதான் ஆரம்பித்தேன். தப்புதான். ஆனால் அன்றைக்கு நிறுத்தாமல் பேசி முடித்தேன்.

ஏழாவது ஆளாக வர விருப்பம் உள்ளவர்கள் தாராளமாக மாடிக்கு வரலாம். நோட்டுப் புத்தகத்தோடு வந்தாலும் சரி.